பர்மாவில் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பது: புதிதாகப் பெற்றோர் ஆனவர்களுக்கு

யாங்கோனில் தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இளம் பெற்றோர் வந்து கேட்கும் முதல் கேள்வி, "டீச்சர், எந்த வயசுல கொண்டுவந்து விடட்டும்?" என்பதுதான். ஒரு வயதில் கோவிலில் விட்டுவிட்டால் மிச்சத்தைக் கோவில் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. வகுப்பு வாரத்துக்கு ஒரு மணி நேரம். சத்தத்தை அடக்குவதிலேயே அதில் ஒரு பகுதி போய்விடும்.

2014 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 6 சதவீதம். அவர்களிலும் பெரும்பாலோர் கரேன், கச்சின், சின் மக்கள். தமிழ்ப் பிள்ளை தன் வகுப்பில் ஒரே கிறிஸ்தவப் பிள்ளையாக இருப்பது சாதாரணம். தெருவும் பள்ளியும் டிவியும் இயேசுவைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியது வீடுதான். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, தினமும் செய்கிற நாலு சின்னப் பழக்கம் போதும். நான் கத்தோலிக்க முறையை வைத்தே எழுதுகிறேன். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன் குடும்பங்கள் தங்கள் சபைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளை பிறக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை

கணவன் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்றால் பிள்ளை எந்தச் சபையில் வளரும் என்பதை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே பேசிவிடுங்கள். கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பாப்டிஸ்ட் சபையில் குழந்தையை அர்ப்பணித்து ஜெபிப்பதோடு சரி, ஞானஸ்நானம் பிள்ளை வளர்ந்து தன் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்த பிறகுதான். இதைப் பேசாமல் விட்டால் இரண்டு பாட்டிமாரும் தொட்டிலுக்கு மேலே சண்டை போடுவார்கள்.

கத்தோலிக்கச் சட்டம் பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது. நம் ஆட்கள் சிங்கப்பூர் சித்தப்பா வரட்டும், மோல்மீன் மாமா வரட்டும் என்று ஒரு வருஷம் இழுப்பார்கள். காத்திருக்காதீர்கள். விருந்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஞானத்தாய், ஞானத்தகப்பனைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், பிள்ளையின் பெற்றோராக இருக்கக் கூடாது. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்ற நெருங்கியவர் ஒருவரைச் சாட்சியாக நிறுத்த வழி உண்டு, பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். சட்டம் அவ்வளவுதான். என் யோசனை வேறு: ஒரே பஸ்ஸில் வந்து இறங்கக்கூடிய தூரத்தில் இருப்பவரைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து மோதிரம் அனுப்புகிற ஞானத்தகப்பனைவிட, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைகிற அடுத்த தெரு அக்கா மேல்.

பெயரைப் பற்றியும் கேட்கிறார்கள். பள்ளியில் பர்மியப் பெயர், கோவிலில் புனிதர் பெயர், வீட்டில் பாட்டி கூப்பிடும் தமிழ்ப் பெயர் என்று மூன்று இருந்தால் பிள்ளை குழம்பாதா என்கிறார்கள். குழம்பாது. தானியேலின் மூன்று தோழர்களை நாம் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்கிறோமே, அவை அரண்மனையில் வைத்த பாபிலோனியப் பெயர்கள். பெயர் மாறினாலும் பிள்ளைகள் மாறவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் இந்தக் கதையைச் சொல்லுங்கள், தன் வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்பார்கள்.

மூன்று வயது வரை

இந்த வயதில் போதனை எதுவும் வேண்டாம். குளிப்பாட்டி முடித்ததும் நெற்றியில் சிலுவை அடையாளம். சோறு ஊட்டும் முன் ஒரு வரி நன்றி. தூங்க வைக்கும்போது எப்போதும் ஒரே பாட்டு. பாட்டு மாறக் கூடாது, அதுதான் முக்கியம். பாடத் தெரியாது என்று சொல்லும் அப்பாக்களுக்குச் சொல்கிறேன், உங்கள் குரலை நல்ல குரலா கெட்ட குரலா என்று பார்க்கப் பிள்ளைக்குத் தெரியாது.

நேரம் எப்படி ஒதுக்குவது என்கிறார்கள். நம் ஊரில் கரண்ட் போகிற நேரம் ஒன்று இருக்கிறதே! முறை வைத்து மின்சாரம் வரும் வீடுகளில், வெளிச்சம் போனதும் போனைத் தேடுவதற்குப் பதிலாக மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் குடும்ப ஜெபத்தை ஆரம்பித்துவிடலாம். ஐந்து நிமிடம் போதும். முழு ஜெபமாலையும் சொல்லி முடிக்க வேண்டும் என்று பிள்ளையை உட்கார வைத்தால் அது ஜெபமாலையையே வெறுக்கும். பத்து மணி, அதாவது ஒரு தேவ ரகசியம் சொல்லிவிட்டு அனுப்பிவிடுங்கள். பெரியவர்கள் மிச்சத்தைத் தொடரட்டும். பக்கத்தில் விளையாடிக்கொண்டே கேட்கிற காதுக்கும் அது போய்ச் சேரும்.

எந்த மொழியில் ஜெபிப்பது?

நம் வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். பாட்டிக்குத் தமிழ், அம்மாவுக்குப் பாதித் தமிழ், பிள்ளைக்குப் பர்மியம்.

பிள்ளை எந்த மொழியில் அடம்பிடித்து அழுகிறதோ அந்த மொழியில் அதன் சொந்த ஜெபம் இருக்கட்டும். "இயேசுவே, இன்னைக்கு எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்ல அதற்கு வார்த்தை தேடக் கூடாது. அது பர்மியம் என்றால் பர்மியமே ஆகட்டும். ஆனால் பரலோக மந்திரம், அருள் நிறைந்த மரியே, திரித்துவப் புகழ் ஆகியவற்றைத் தமிழில் மனப்பாடமாகக் கொடுத்துவிடுங்கள். பாட்டியோடு சேர்ந்து சொல்ல ஏதாவது வேண்டுமே. பொருளை அப்புறம் பர்மியத்தில் விளக்கலாம்.

தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் பர்மிய எழுத்தில் ஜெபத்தை எழுதிக் கொடுக்கலாம், தப்பே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பர்மிய எழுத்தில் உள்ள ரகரத்தை இன்றைய பேச்சில் யகரமாகத்தான் ஒலிப்பார்கள், சொல்லின் கடைசி மெய்யும் வாயில் நிற்காது. எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் "மரியே" என்பது "மயியே" ஆகிவிடும். எழுத்தைப் பார்த்துச் சொல்லும்போது பாட்டி பக்கத்தில் இருக்கட்டும்.

பைபிளுக்கும் இதே பிரச்சினைதான். ஜட்சன் பாதிரியார் 1834-இல் முடித்த பர்மிய மொழிபெயர்ப்பு அருமையானது, ஆனால் அந்த நடை ஆறு வயதுப் பிள்ளைக்குக் கடினம். நம் பழைய தமிழ் வேதாகமமும் அப்படியே. அதனால் வாசித்துக் காட்டாதீர்கள், முதலில் நீங்கள் வாசித்துவிட்டு உங்கள் வாயால் கதையாகச் சொல்லுங்கள்.

எந்தக் கதை? எல்லாரும் நோவா பேழையிலிருந்து ஆரம்பிப்பார்கள், சரி, மிருகங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது சிரியா நாட்டுப் படைத்தளபதி நாமானின் வீட்டு வேலைக்காரச் சிறுமியின் கதை. பெயர்கூடச் சொல்லாத ஒரு சின்னப் பெண், பிடித்துக்கொண்டு போன வேற்று நாட்டில், வேற்று சாமி கும்பிடும் வீட்டில், எஜமானனுக்குக் குஷ்டம் என்று கேட்டு, "எங்கள் ஊர் தீர்க்கதரிசியிடம் போனால் குணமாகுமே" என்கிறாள். கூட்டத்தில் ஒரே ஆளாக இருந்தும் பயமில்லாமல், வெறுப்பும் இல்லாமல் பேசுகிறாள். யாங்கோன் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான கதை எனக்குத் தெரியவில்லை. அடுத்து இரவில் கூப்பிடும் குரல் கேட்ட சிறுவன் சாமுவேல். அப்புறம் யோசேப்பு, தானியேல். நான்கு பேரும் வீட்டை விட்டுப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகள்தான்.

பள்ளிக்கூடம் ஆரம்பித்த பிறகு

பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும் போட்டு அனுப்பிய முதல் மாதத்திலேயே கேள்விகள் வீட்டுக்கு வரும். பள்ளியில் பௌத்த வழிபாட்டு வரிகளைச் சேர்ந்து சொல்வது உண்டு. நம் பிள்ளை என்ன செய்வது? கையைக் கட்டி மரியாதையாக நின்று, மனதுக்குள் பரலோக மந்திரம் சொல்லப் பழக்குங்கள். சிரிக்கவோ கிண்டல் செய்யவோ கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பள்ளி திறந்த வாரத்திலேயே வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, "நாங்கள் கிறிஸ்தவர்கள், பிள்ளை அமைதியாக நிற்கும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பிள்ளை தெரியாமல் அந்த வரிகளை மனப்பாடம் செய்து வீட்டில் பாடினால் அடிக்காதீர்கள். காதில் விழுந்ததைச் சொல்வதுதான் பிள்ளை.

கடோ என்கிற வணக்கம் வேறு. ததிஞ்ஞுத் விளக்குத் திருவிழா சமயத்தில் மாணவர்கள் ஆசிரியர்கள் முன் மண்டியிட்டுக் கைகூப்பித் தலைதாழ்த்துவார்கள், பெரியவர்களுக்கும் இதையே செய்வார்கள். இது வழிபாடா மரியாதையா என்று கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. சில சபைகளில் கூடாது என்பார்கள், அந்தச் சபையில் இருந்தால் உங்கள் பாஸ்டர் சொல்வதைக் கேளுங்கள். என் பார்வையில், தாத்தா பாட்டி காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆசிரியருக்குச் செய்யும் கடோ நெருடக் கூடாது. உன் தகப்பனையும் தாயையும் மதித்து நட என்ற கட்டளையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. புத்தர் சிலை முன்பு செய்வது அப்படியல்ல. இந்த வித்தியாசத்தை எட்டு வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

நாமான் கதையின் முடிவையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். குணமான பிறகு அவன் எலிசா தீர்க்கதரிசியிடம், "என் அரசன் ரிம்மோன் கோவிலுக்கு என் கையில் சாய்ந்து போகும்போது நானும் குனிய வேண்டிவரும், அதை ஆண்டவர் மன்னிப்பாராக" என்கிறான். எலிசா சத்தம் போடவில்லை, சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிடுகிறார். தானியேலின் தோழர்களோ அதே போன்ற இடத்தில் சூளைக்குப் போகவும் தயாராக நின்றார்கள். இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எது என்பதை அது உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

கோடை விடுமுறையில் அடுத்த வீட்டுப் பையனுக்குப் பட்டு உடுத்தி, குடை பிடித்து, ஊர்வலமாகக் கூட்டிப்போய்த் தலை மழித்துச் சின்னத் துறவி ஆக்குவார்கள். நம் பையனுக்குக் கண் விரியும். "நானும் போகட்டுமா?" என்பான். கோபப்படாமல், "அது அவர்கள் வீட்டு விசேஷம். உனக்கும் ஒரு விசேஷம் வரும், முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை" என்று சொல்லுங்கள். சொன்னபடி அந்த நாளை விசேஷமாகக் கொண்டாடவும் வேண்டும். ஊர்வலத்தைப் பார்க்கவும் விருந்தில் சாப்பிடவும் அனுப்பலாம். நண்பன் வீட்டுச் சந்தோஷத்தில் கலந்துகொள்வதால் ஒன்றும் குறைந்துவிடாது.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவை மறுக்காதீர்கள், பிள்ளைக்கு அது உயிர். ஆனால் காலண்டரைப் பார்த்து வையுங்கள். 2022-இல் ஈஸ்டரும் பர்மியப் புத்தாண்டும் ஒரே நாளில், ஏப்ரல் 17-இல் வந்தன. 2028-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14-இல் வருகிறது, ஊரே நனைந்துகொண்டிருக்கும் நேரம். அன்று மட்டும் தண்ணீர் விளையாட்டு இல்லை, சிலுவைப் பாதைக்குப் போகிறோம் என்று ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். வாளியைக் கையில் எடுத்த பிறகு சொன்னால் நடக்காது. பெரிய வெள்ளிக்கு இங்கே அரசு விடுமுறை கிடையாது என்றாலும் அந்த மாதங்கள் கோடை விடுமுறைதான் என்பது நமக்கு ஒரு வசதி. தவக்காலத்தின் ஆரம்பம்தான் பரீட்சையோடு மோதும். அப்போது பிள்ளைக்கு உபவாசம், கடும் ஒறுத்தல் எதுவும் வேண்டாம். ஒரு மிட்டாய்க் காசை உண்டியலில் போட்டால் போதும்.

டிசம்பர் நம்முடையது. இந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள் 'ஸ்வீட் டிசம்பர்' என்றே அதைச் சொல்கிறார்கள், 25-ஆம் தேதி அரசு விடுமுறையும்கூட. கேரல் ரவுண்ட்ஸுக்குப் பிள்ளையை அனுப்புங்கள். இப்போதைய நிலைமையில் எந்த நேரம், எந்தத் தெரு என்பதைப் பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ததிஞ்ஞுத்தில் பலகாரம் அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் பிள்ளை கையாலேயே கிறிஸ்துமஸ் தட்டு போகட்டும். பர்மியர் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, கோழிப் பிரியாணியாகவே இருக்கட்டும். கல்கல் பலகாரம் கொடுத்தால் மறுவருஷம் அவர்களே கேட்பார்கள்.

மறைக்கல்வியும் டியூஷனும்

1910-இல் பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் புதுநன்மைக்கான வயதை ஏறக்குறைய ஏழு என்று வைத்தார். அதற்கு முன்பு பல இடங்களில் பன்னிரண்டு வயதுகூட ஆகும். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்பதே அதன் சாரம். ஆகவே ஏழு வயதை ஒட்டி வகுப்பில் சேருங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு முதல்முறை போகும் பிள்ளையிடம், "என்ன சொன்னே?" என்று வெளியே வந்ததும் கேட்கவே கூடாது. கேட்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள்.

சேர்த்த பிறகு வரும் எதிரி டியூஷன். ஞாயிறு காலையில் கணக்கு டியூஷன் வைக்கிற ஆசிரியர்கள் ஏராளம், மெட்ரிக் பரீட்சை நெருங்க நெருங்கப் பிள்ளை பூசைக்கு வருவதே நின்றுவிடும். சனிக்கிழமை சாயங்காலப் பூசை உங்கள் பங்கில் இருக்கிறதா என்று கேளுங்கள், அது ஞாயிறு கடனுக்குச் செல்லும். அதுவும் இல்லையென்றால் டியூஷன் ஆசிரியரிடம் நேரத்தை மாற்றக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், கல்யாண வீட்டுக்கு என்றால் கேட்க மாட்டோமா? இரண்டில் ஒன்றைத்தான் விட வேண்டும் என்றால் நான் டியூஷனை விடச் சொல்வேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத பெற்றோர் நிறையப் பேர் உண்டு.

வருஷத்துக்கு ஒரு யாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். பகோ பக்கம் ஞௌங்லெபினில் இருக்கும் லூர்து மாதா கெபி நாட்டின் பெரிய மரியன்னைத் திருத்தலம். பிப்ரவரி 11-ஐ ஒட்டித் திருவிழா. நாடெங்கும் இருந்து கரேன், தமிழ், பர்மியக் கத்தோலிக்கர் வந்து கூடும் இடம். பள்ளியில் தனியாக நிற்கும் பிள்ளை, தன்னைப்போல் சிலுவை வரைகிற இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்தால் நாம் பத்து வகுப்பில் சொல்வது அங்கே ஒரு நாளில் விளங்கிவிடும். வழியில் நிலைமை எப்படி என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். போக முடியாத வருஷத்தில் செப்டம்பர் 8 வேளாங்கண்ணி மாதா திருநாளை உள்ளூரிலேயே நன்றாகக் கொண்டாடலாம்.

கலப்புத் திருமணம் செய்தவர்களுக்கு

அப்பா பௌத்தர் அல்லது இந்து, அம்மா கத்தோலிக்கர். இப்படி வரும் குடும்பங்கள் கூடிக்கொண்டே போகின்றன. திருமணத்தின்போது கத்தோலிக்கத் தரப்புதான் பிள்ளைகளைத் தன் விசுவாசத்தில் வளர்க்க முடிந்த எல்லாம் செய்வதாக வாக்குக் கொடுக்கிறது. மற்றவர் அதைத் தெரிந்துகொண்டால் போதும், அவர் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே அவரிடம் போய், "நீங்களும் ஒத்துக்கொண்டீர்களே" என்று சண்டைக்கு நிற்காதீர்கள்.

பவுலின் சீடர் திமொத்தேயுவின் அப்பா கிரேக்கர். விசுவாசம் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்து வந்தது என்று பவுல் எழுதுகிறார். அப்பாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. நீங்களும் பிள்ளை முன்பு துணைவரின் மதத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். வீட்டில் புத்தர் மாடம் ஒரு பக்கம், திருஇருதயப் படம் ஒரு பக்கம் இருக்கலாம். இரவு ஜெபத்தின்போது அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தாலே அது பெரிய உதவி, அதற்கு நன்றி சொல்லுங்கள். இந்து உறவினர் வீட்டுப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகலாம், பிரசாதம் வந்தால் என்ன செய்வது என்பதைப் பெற்றோர் இருவரும் முன்கூட்டியே ஒரே மாதிரி முடிவு செய்திருக்க வேண்டும். அம்மா ஒன்று, அப்பா ஒன்று சொன்னால் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல்

வர மாட்டேன் என்பான். கேள்வி கேட்பாள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, சேர்ந்து போய்ச் சாமியாரிடம் கேளுங்கள். ஞாயிறு பூசை வீட்டு வழக்கம் என்பதில் தளராதீர்கள், மற்றபடி வீட்டில் முழு ஜெபமாலைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று இழுக்க வேண்டாம். பீடச் சிறுவர் குழு, பாடகர் குழு, கிட்டார் என்று கையில் ஒரு வேலை கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் எனக்கு உதவிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்கள்தான். படிக்கக் கூப்பிட்டால் வராதவர்கள் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள்.

கடைசியாகக் காகித வேலை. பிள்ளைக்குப் பத்து வயதில் முதல் அடையாள அட்டை எடுப்பீர்கள், பதினெட்டில் மறுபடி. அதில் இனமும் மதமும் எழுதுவார்கள். எழுதும்போதே மதம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு திருத்துவது பெரும் அலைச்சல். ஞானஸ்நானச் சான்றிதழைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கோவில், எந்தத் தேதி, பதிவேட்டில் எத்தனையாம் எண் என்பதைத் தனியாகவும் எழுதி வையுங்கள். நம் பிள்ளைகள் நாளை மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ வேலைக்குப் போவார்கள். கல்யாணத்துக்கு அந்த ஊர்ச் சாமியார் புதிதாக எடுத்த நகல் கேட்பார், பழைய சான்றிதழ் செல்லாது. இந்த மூன்று விவரமும் கையில் இருந்தால் இங்கே உள்ள உறவினர் யாராவது பங்கு அலுவலகத்துக்குப் போய் ஒரே நாளில் வாங்கி அனுப்பிவிடலாம்.